ரீசார்ஜ் நோட்டுகள் கூழான கதை

கடையைப் பூட்டிவிட்டு நூறடி நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். சில நாள் இரண்டாவது தடவையும் வருவேன். எதிர்க்கடை டீ மாஸ்டர், "அக்கா, இன்னும் ரெண்டு தடவ இழுத்தீங்கன்னா பூட்டு கையோட வந்துரும், நான் பாத்துக்கறேன் போங்க" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் பயத்துக்கு நியாயம் புரியாது. அது பாட்டுக்கு வரும்.

படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. எட்டாவதும் முழுசாக இல்லை. அதனால் 'அரசு உத்தரவு' என்று எங்கே அச்சாகியிருந்தாலும் என்னைக் குறிவைத்து எழுதினது போலவே இருக்கும். புரியாத வார்த்தையை யாரிடமாவது கேட்கலாம். கேட்டால் எட்டாவது என்று தெரிந்துவிடும். கேட்காமல் நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கொள்வேன். பண்ணிக்கொள்ளும் அர்த்தம் எப்போதும் எனக்குப் பாதகமாகவே இருக்கும்.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு பஸ் நிறுத்தத்தில் என் கடை. செராக்ஸ், ரீசார்ஜ், சிம் கார்டு, கொஞ்சம் நோட்டு பேனா. சுற்றிலும் கோழிப்பண்ணைகள். பக்கத்து ஊர்களில் பாதி வீட்டு ஆம்பிளைகள் போர் போடுகிற ரிக் வண்டியில் வடக்கே போயிருப்பார்கள். ஆறு மாசம், எட்டு மாசம் கழித்துத்தான் வருவார்கள். அவர்கள் போனுக்கு இங்கே வீட்டில் இருக்கிறவர்கள்தான் ரீசார்ஜ் பண்ணிவிட வேண்டும். இப்போது எல்லாரும் அவரவர் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள் என்பீர்கள். பட்டன் போன் வைத்திருக்கிறவர்கள், போனில் பணம் அனுப்பப் பயப்படுகிறவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் பண்ண வேண்டியவர்கள், இந்த மூன்று வகையும் இன்னும் என் கடைக்குத்தான் வருகிறார்கள்.

வருகிறவர்கள் மேஜை மேல் நூலில் கட்டித் தொங்கும் நோட்டில் தங்கள் கையாலேயே நம்பரை எழுத வேண்டும். எல்லா ரீசார்ஜ் கடையிலும் இதுதான் வழக்கம். வாயால் சொன்னால் ஒரு எண் தப்பிப் போய் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் போனுக்கு ஏறிவிடும். அப்புறம் சண்டை. எழுதினதை வைத்துப் போட்டால் தப்பு யாருடையது என்று தெரிந்துவிடும்.

மற்ற கடைக்காரர்கள் அத்தோடு விட்டார்கள். நான் விடவில்லை. வெறும் பத்து எண்ணைப் பார்த்து யார் என்று எப்படிச் சொல்வது, நாளைக்கு ஒருத்தர் வந்து நான் எழுதவே இல்லை என்றால் என்ன செய்வது என்று யோசித்து, ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில் ஒரு அடையாளம் எழுதி வைத்தேன். 'ரிக்காரர், மத்தியப் பிரதேசம்.' 'டீச்சர், இரண்டாவது நம்பர்.' 'வேப்பமரத்து வீட்டு மருமகள், மாமியாருக்குத் தெரியாது.' நல்ல எண்ணத்தில் எழுதினதுதான். நினைத்தால் இப்போது திடுக்கென்கிறது.

அந்த நோட்டுகளை நான் ஏன் சேர்த்து வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவர் வாரம் ஒருமுறை வண்டியில் வந்து சிம் கார்டு போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் அவர் டீ குடித்துக்கொண்டே, போன் கம்பெனிகள் யார் யாரிடம் எப்போது பேசினார்கள் என்ற விவரத்தை முன்பு ஒரு வருஷம் வைத்திருந்தால் போதும், இனிமேல் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது என்றார். பேச்சுவாக்கில் சொன்னார். சொல்லிவிட்டு மசால் வடை கேட்டார். போன் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் என்று என் காதில் விழுந்தது. நானும் போன் சம்பந்தப்பட்டவள்தானே. அதுவரைக்கும் முடிந்த நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒரு தாளைக்கூட வெளியே விடவில்லை.

இரண்டு வருஷம் ஆன பிறகாவது போட்டேனா? இல்லை. இரண்டு வருஷம் முடிந்து ஒருநாள் கழித்து வந்து கேட்டால்? இன்னொரு வருஷம் சேர்த்து வைப்போம். அப்புறம் இன்னொன்று. சிம் வாங்கினவர்களின் ஆதார் நகல், செராக்ஸ் எடுக்கும்போது கோணலாக விழுந்து ஒதுக்கின நகல், எல்லாமே. கோழித் தீவனச் சாக்கில் போட்டுக் கட்டி பரண் மேல் ஏற்றினேன். என் வீட்டுக்காரர் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவர். ஊருக்கு வந்த ஒருநாள் பரணைப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, பாலக்காட்டு செக்போஸ்ட்டுல கூட இவ்வளவு ரெக்கார்டு இல்ல" என்றார். சட்டம் தெரியாமல் பேசாதீர்கள் என்று நான் அவரை அடக்கினேன்.

பண்ணை அக்கா அந்தச் சமயத்தில்தான் வர ஆரம்பித்தார். கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை. மாசத்தில் ஒரு சனிக்கிழமை, வேலை விட்டதும் வருவார். கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, அதுவரைக்கும் பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றுவிட்டு உள்ளே வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. நம்பரை மனசில் வைத்திருந்தார். கண்ணை மூடி, மூச்சுக்கு ஒரு எண்ணாக, பத்தையும் குறைந்த குரலில் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன்.

யாருடைய நம்பர் என்று முதல் இரண்டு மாசம் நான் கேட்கவில்லை. மூன்றாவது மாசம் அவரே சொன்னார். மகள். மில்லில் கூட வேலை பார்த்த பையனைப் பிடித்துப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டது. பையன் வேற ஆளுக வீடு. இந்த அக்காவின் புருஷன், புருஷனுடைய அண்ணன், எல்லாரும் சேர்ந்து தலைமுழுகிவிட்டார்கள். தலைமுழுகினதோடு விடவில்லை, எங்கே இருக்கிறாள் என்று தேடிக்கொண்டும் இருந்தார்கள். மகள் எங்கே இருக்கிறாள் என்று இந்த அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தால் வாய் தவறிச் சொல்லிவிடுவேன் என்று அவரே கேட்டுக்கொள்ளவில்லை. பண்ணையில் கூட வேலை செய்கிற ஒருத்தர் போனிலிருந்து எப்போதாவது பேசுவாராம். "கல்யாணத்துக்கு ஒரு குண்டுமணி போடலைங்க. அவளுக்கு நான் பண்றது இது ஒண்ணுதான்" என்றார். மகள் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். இவர் கேட்கவில்லை.

நான் கண் கலங்கிப் போனேன். கலங்கிக்கொண்டே நோட்டில் அந்த நம்பருக்குப் பக்கத்தில் எழுதினேன்: 'பண்ணை அக்கா, மகள்.'

ஒருநாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவரை எனக்குத் தெரியும். பண்ணை அக்கா புருஷனின் அண்ணன். நிலம், பண்ணை எல்லாம் உள்ளவர், ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற ஆள். இன்னொருவர் சஃபாரி சட்டை போட்டிருந்தார். "ஸ்டேஷன்ல இருந்து வந்திருக்காரு" என்று பெரியவர் பொதுவாகச் சொன்னார். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. போலீஸ் ஜீப் தூரத்தில் வந்தாலே ரோட்டைத் தாண்டாமல் நின்றுவிடுகிறவள் நான்.

பெரியவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம். தம்பி சம்சாரம் பண்ணைக்குப் பக்கத்திலேயே ரீசார்ஜ் கடை இருக்க, இவ்வளவு தூரம் வந்து போவதை டீக்கடையில் உட்கார்ந்து மூன்று மாசமாகப் பார்த்திருக்கிறார். தம்பி வீட்டுப் போனுக்கு அந்த வீட்டு மகன் போட்டுவிடுகிறான். அப்படியென்றால் அந்த அம்மா இங்கே யாருக்குப் போடுகிறார்? அதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார்.

"நம்பர் கெடச்சாப் போதும் அம்மிணி. அந்தப் புள்ள எங்க இருக்குதுன்னு டவர் பாத்து இந்தச் சார் சொல்லிருவாரு. ரெண்டு வருஷத்துக்கு எல்லாமே கம்பெனியில இருக்குது" என்றார்.

சொல்லிக்கொண்டே, நூலில் தொங்கிய நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டுகிற மாதிரிதானே நான் தொங்கவிட்டிருந்தேன். என் நல்ல நேரம், அது அந்த வாரம்தான் ஆரம்பித்த நோட்டு. பண்ணை அக்கா அதில் இன்னும் வரவில்லை. ஆனால் அவர் வேறொன்றைப் படித்தார். வாய்விட்டே படித்தார். "டீச்சர், இரண்டாவது நம்பர்." சஃபாரி சட்டைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "டீச்சருக்கு ரெண்டாவது நம்பர் எதுக்குங்கறேன்?"

அந்தச் சிரிப்பு என் மேல் சாணியடித்த மாதிரி இருந்தது. அந்த டீச்சர் அம்மாவுக்கு எதற்கு இரண்டாவது நம்பர் என்று எனக்கே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. என்னை நம்பி எழுதினார். நான் அதை ஊர் படிக்கிற மாதிரி கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன்.

பழைய நோட்டு எங்கே என்றார் பெரியவர். பரண் மேல் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் வராது, வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஏணி கொழுந்தனார் வீட்டில் இருக்கிறது என்றும் சொன்னேன். அதுவும் உண்மை. "செரி, எடுத்து வை அம்மிணி, காலையில பத்து மணிக்கு வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பண்ணை அக்கா நம்பர் இருக்கிற பக்கங்களை மட்டும் கிழித்துவிடலாமா என்று முதலில் தோன்றியது. கிழித்தால் கிழித்த இடம் தெரியுமே. போலீஸ் கேட்ட பிறகு கிழித்தால் அதுவே குற்றமாகுமே. கொடுத்துவிட்டால்? ஒரு மாசத்தில் அந்தப் பெண் இருக்கிற இடத்துக்கு இவர்கள் போய் நிற்பார்கள். அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் கடைவீதி இரைச்சல், ஆட்டோ ஹாரன். கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, நோட்டை நான் கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன்.

அவர் முதலில் என் கேள்வியையே புரிந்துகொள்ளவில்லை. கம்பெனியிடமிருந்து அந்த விவரம் வேண்டுமென்றால் போலீஸே கூட எஸ்.பி. மட்டத்தில் இருக்கிற அதிகாரி எழுத்தில் கேட்க வேண்டும், நினைத்தவர் நினைத்தபோது வாங்க முடியாது என்றார். குறுக்கு வழியில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேற கதை என்றும் சொன்னார். அப்புறம்தான் கேட்டார்.

"அது சரிங்க அக்கா, பழைய நோட்டெல்லாம் நீங்க எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, ரெண்டு வருஷம் வைக்கணும்னு."

"அது கம்பெனிக்குங்க அக்கா" என்றார். "உங்களுக்கு யாரு சொன்னா?"

இத்தனை வருஷம் நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, எந்தச் சட்டமும் கேட்காத வேலையைச் செய்திருக்கிறேன். கம்பெனி நோட்டுக்காவது இவ்வளவு நாள் என்று ஒரு கணக்கு உண்டு. என் பரணுக்கு அதுவும் இல்லை. கம்பெனி நோட்டில் 'மாமியாருக்குத் தெரியாது' என்று எழுதியிருக்காது. போனை வைத்துவிட்டு பரணைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்த இடத்தில் பயம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது. எனக்கு அது புது அனுபவம்.

கடையைப் பூட்டினேன். ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தேன். நாலே முக்கால் பஸ்ஸில் ஏறி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஸ்டேஷன் வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் கால் மணி நேரம் நின்றேன். யாராவது என்ன வேண்டும் என்று கேட்டால் திரும்பிப் போய்விடலாம் என்று நின்றேன். யாரும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளே போனேன். மேஜையில் ஒரு பெண் ஏட்டு உட்கார்ந்திருந்தார். என் வயசுதான் இருக்கும். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த முறுக்கைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, ஏனென்று தெரியாது.

கடையைச் சொன்னேன். ஸ்டேஷனிலிருந்து என்று சொல்லி ஒருவர் வந்து ரீசார்ஜ் நோட்டைக் கேட்கிறார், நீங்கள் யாரையாவது அனுப்பினீர்களா என்று கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். யாரையும் அனுப்பவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த மாதிரி எந்தப் புகாரும் இல்லை.

"யாரோட நம்பரைக் கேக்கறாங்க?" என்றார்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். "அத நான் சொல்லக் கூடாதுங்களே மேடம்" என்றேன்.

சொன்ன உடனே எனக்கு வேர்த்துவிட்டது. ஸ்டேஷனுக்குள் நின்றுகொண்டு போலீஸ்காரரிடமே சொல்ல மாட்டேன் என்கிறேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"என்கிட்ட சொன்ன மாதிரியே அந்த ஆளுககிட்டயும் சொல்லு, போதும்" என்றார். "நாங்களே வந்தாலும் எழுத்துல கேளு. யாரு, என்ன, எதுக்குன்னு எழுதி வாங்கு. வெரட்டினாங்கன்னா எனக்குப் போன் பண்ணு."

எனக்கும் ஒரு முறுக்கு கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அதைச் சாப்பிட்டுக்கொண்டு வந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், "ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று கேட்காமலே சொன்னேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும், தொங்குகிற நோட்டை அறுத்து உள்ளே வைத்தேன். கடையிலிருந்த புது நோட்டு ஒன்றை எடுத்து அதே நூலில் கட்டினேன். முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மேலே தலைப்பு எழுதினேன். பேர், ஊர், உங்கள் போன் நம்பர், யாருடைய நம்பர் வேண்டும், எதற்கு, கையெழுத்து. எட்டாவதோடு நின்றாலும் என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

பத்து மணிக்கு வந்தார்கள். கடையில் அப்போது ஒரு ரிக்காரர் வீட்டு அம்மா, வடக்கே இருக்கிற புருஷனுக்கு ரீசார்ஜ் பண்ண நின்றிருந்தார். டீ மாஸ்டர் என் கடைப் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்ன நடக்கப் போகிறது என்று காலையிலேயே அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். பேப்பரை அவர் தலைகீழாகப் பிடித்திருந்ததாக அப்புறம் ஒத்துக்கொண்டார்.

"எடுத்து வெச்சுட்டியா அம்மிணி?" என்றார் பெரியவர்.

"எடுக்கலைங்க அண்ணா. முதல்ல நீங்க இதுல எழுதிருங்க." நோட்டை அவர் பக்கம் திருப்பிப் பேனாவை மேலே வைத்தேன். "கூட வந்திருக்கற அண்ணாவும் எழுதட்டும். ஸ்டேஷன்ல என்ன வேலைன்னு சேர்த்து. நேத்து சாயந்தரம் நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேனுங்க. எழுதி வாங்கச் சொன்னாங்க."

சஃபாரி சட்டைக்காரர் தன் போனை எடுத்துப் பார்த்தார். அது அடிக்கவே இல்லை. வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வண்டி புளியமரத்தடியில் நிழலில்தான் நின்றது. எல்லாரும் பார்த்தோம்.

பெரியவர் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பேரை எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுதும் முன் தலைப்புகளைப் படித்துக்கொண்டே வந்து மூன்றாவது கட்டத்தில் நின்றார்.

"என் நம்பர் உனக்கு எதுக்கு?" என்றார்.

"அதேதானுங்க அண்ணா நானும் கேக்கறேன்."

டீ மாஸ்டர் பேப்பருக்குப் பின்னால் இருமினார். அப்போது ரிக்காரர் வீட்டு அம்மா, ஒன்றும் தெரியாதவர் மாதிரி, "எழுதுங்க சாமி, நாங்க எல்லாரும் எழுதறம்ல" என்றார்.

பெரியவர் முகம் சிவந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பேனாவுக்கு மூடி போட்டார். அதைக் கவனமாக நோட்டு மேலேயே வைத்தார். உன் ஊட்டுக்காரன் வரட்டும், அவன்கிட்டப் பேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஒரு எழுத்து எழுதவில்லை. அடுத்தவர் நம்பரைத் தேடி இரண்டு நாள் நடந்தவருக்குத் தன் நம்பரை எழுத மனசு வரவில்லை.

அவர் வண்டி வளைவு திரும்புகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் உட்கார்ந்தேன். டீ மாஸ்டர் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ கொண்டுவந்து வைத்தார். "அக்கா, நீங்களா இது" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

வீட்டுக்காரர் அந்த வாரம் கேரளாவிலிருந்து வந்தார். பெரியவர் நிஜமாகவே அவரை வழிமறித்துக் கேட்டிருக்கிறார். இவர், "அந்த நோட்டத் தொட எனக்கே அனுமதி இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் என்னைப் பார்த்து, ஸ்டேஷனுக்குத் தனியாகவா போனாய் என்று நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் சொன்னேன். ஐந்தாவது தடவை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

நோட்டுகளை என்ன செய்வது என்று அதற்குள் நான் முடிவு செய்திருந்தேன். பழைய பேப்பர்காரருக்குப் போட்டால் வடை மடித்துக் கொடுக்கிற தாளாகி ஊர் பூராவும் போகும். எரித்தால் பாதி எரிந்த தாள் காற்றில் பறக்கும், அதில் ஒரு நம்பர் மிச்சம் இருக்கும், இதையெல்லாம் நான் யோசிக்காமல் வேறு யார் யோசிப்பார்கள்? முட்டை லாரிக்காரர் வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். முட்டை அடுக்குகிற அட்டையைப் பழைய காகிதத்தை அரைத்துத்தான் செய்கிறார்கள். நாமக்கல் போகிற வழியில் அட்டை போடுகிற கம்பெனி ஒன்றில் இவருக்குப் பழக்கம் உண்டு.

இரண்டு நாள் உட்கார்ந்து, அறுத்து வைத்த நோட்டையும் சேர்த்து, ஒவ்வொரு நோட்டாக ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்கினேன். பின் அட்டைக்குள் போய் நாளைக்கு யாராவது முட்டை எடுக்கும்போது கையில் குத்திவிட்டால்? வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவரும் உட்கார்ந்து பிடுங்கினார். பிடுங்கும்போது ஒரு பக்கத்தைக்கூடப் படிக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன். அவர், எனக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்தே தெரியாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு சாக்கையும் சின்ன டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனோம். தரையோடு தரையாக ஒரு பெரிய தொட்டி. அடியில் இரும்பு இலை சுற்றுகிறது. சாம்பல் நிறத்தில் கூழ் சுழன்றுகொண்டே இருக்கிறது. அங்கே நீளக் கழி வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தவர், "என்னங்க அக்கா இது, பழைய லவ் லெட்டருங்களா?" என்றார். "ஊரோட லெட்டர்" என்றேன்.

சாக்கை அவரிடம் கொடுக்கவில்லை. நானே கொட்டினேன். நோட்டுகள் கொஞ்ச நேரம் மிதந்தன. மேலாக ஒரு பக்கம் விரிந்து என் கையெழுத்து தெரிந்தது. பிறகு மை கரைந்து நீலமாக ஒரு கோடு ஓடியது. பிறகு அதுவும் இல்லை. ரிக்காரர், டீச்சர், வேப்பமரத்து வீட்டு மருமகள், பண்ணை அக்கா மகள், எல்லாரும் கூழுக்குள் போனார்கள். எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. சிரித்துவிட்டேன். ஏழாவது சாக்கை உதறி, உள்ளே கையை விட்டுத் துழாவி, மூலையில் ஒட்டியிருந்த அரைத் தாளையும் எடுத்துப் போட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தேன்.

போன் கம்பெனியின் பெரிய நோட்டை என்னால் எந்தத் தொட்டியிலும் கொட்ட முடியாது, எனக்குத் தெரியும். அது எங்கேயோ இருக்கிறது. நான் யாரிடம் எத்தனை நிமிஷம் பேசினேன், எந்த டவருக்குக் கீழே நின்றேன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை யார் புரட்டுகிறார்கள், புரட்டினவர் தன் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டாரா, இரண்டு வருஷம் ஆனதும் நிஜமாகவே அழிக்கிறார்களா, இந்த மூன்று கேள்வியும் எனக்கு இப்போது உண்டு. முன்பெல்லாம் அந்தப் பெரிய நோட்டை நினைத்தால் நான் என்ன தப்பு செய்தேன் என்றுதான் தேடுவேன். இப்போது கேள்வி அந்தப் பக்கம் போய்விட்டது.

வெயிலில் காய வைத்திருந்த முட்டை அட்டை ஒன்றைக் கம்பெனிக்காரர் கொடுத்தார். எங்கள் காகிதத்தில் செய்தது இல்லை, முந்தின நாள் கூழ். இருந்தாலும் வாங்கிக்கொண்டு வந்தேன். கோடு போட்ட புது நோட்டையும் கழற்றிவிட்டு, கடையில் மேஜை மேல் நோட்டு தொங்கின இடத்தில் அதைத்தான் வைத்திருக்கிறேன். அதில் பேனா, ரப்பர், சிம் ஊசி எல்லாம் போட வசதியாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை பண்ணை அக்கா வந்தார். நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. டீக்கடையில் நடந்தால் பண்ணைக்குப் போகாமல் இருக்குமா. பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நிற்கவில்லை, நேராக உள்ளே வந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போலக் கண்ணை மூடி முதல் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க அக்கா" என்றேன்.

கடைப் போனை அவர் கையில் கொடுத்து, எண்ணை எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டினேன். எழுத்துத்தான் தெரியாது, போன் எண்கள் தெரியும். "நோட்டுல எழுதலீங்களா?" என்றார். நோட்டு இல்லை என்றேன். தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். என் வாயில் வர வேண்டிய கேள்வி அவர் வாயில் வந்தது. "தப்பாவாது அக்கா, நீங்க பாத்து அழுத்துங்க" என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

முட்டை பொறுக்கிப் பொறுக்கிக் காய்த்துப்போன விரலால் அவர் ஒவ்வொன்றாக அழுத்தினார். நான் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேலம் பஸ் ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கி, கிளம்பிப் போனது. பத்தும் முடிந்ததும் அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். ரீசார்ஜ் ஏறிவிட்டது என்று திரையில் வந்தது. நம்பரைப் பார்க்காமல் அந்த ஒரு வரியை மட்டும் பார்க்க நான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு சாயந்தரம் கடையைப் பூட்டிவிட்டு நூறடி நடந்தேன். பரணில் ஒன்றும் இல்லை. திரும்பிப் போகவில்லை. டீ மாஸ்டர் பின்னாலிருந்து, "அக்கா, பூட்டு" என்று கூப்பிட்டார். கேட்காத மாதிரி நடந்தேன்.